தசமமா? பின்னமா?

தமிழ்நாட்டிலிருந்து இங்குப் படிக்க வந்த மாணவர் ஒருவர் பட்டான்செருவில் ஒரு நிலப் பத்திரத்தைக் கையில் எடுத்தால், அதிலுள்ள எண்ணைத் தவறாகப் படித்துவிடக் கூடும். 'ஏக்கர் 2.20' என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் அதனை இரண்டு ஏக்கர் இருபது சென்ட் என்றே கொள்வோம். இங்கோ அதற்குப் பொருள் இரண்டு ஏக்கர் இருபது குண்டா. நம் கணக்கில் ஓர் ஏக்கருக்கு 100 சென்ட். இவர்கள் கணக்கில் ஓர் ஏக்கருக்கு 40 குண்டா. எனவே இருபது குண்டா என்பது அரை ஏக்கர் ஆகும். எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிலத்திலோ 30 சென்ட் வேறுபடுகிறது. 30 சென்ட் என்பது 1,452 சதுர கெஜம். பட்டான்செருவில் இன்று சதுர கெஜக் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள் என்பதை நினைத்தால், இவ்வேறுபாடு சிறியதன்று என்பது விளங்கும்.

பத்திரத்தில் உள்ள அந்தப் புள்ளி தசமப் புள்ளி அன்று. ஏக்கரையும் குண்டாவையும் பிரித்துக் காட்ட இட்ட வெறும் குறி அது. கிரிக்கெட் பார்க்கும் தோழர்களுக்கு இது புதிதாக இராது. 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும், அஃதாவது நாலரை ஓவர். 4.3 உடன் 4.3 சேர்ந்தால் 8.6 ஆகாது, 9 ஓவர் ஆகும். நிலக் கணக்கும் இத்தகையதே. 1.25 உடன் 1.25 சேர்ந்தால் 3 ஏக்கர் 10 குண்டா. இதையே கணிப்பொறியிடம் தசம எண்ணாகக் கொடுத்தால், அது சற்றும் தயங்காமல் 2.5 என்று விடை தரும். அந்த 2.5 ஐ இவ்வூர்க்காரர் ஒருவர் பார்த்தால் இரண்டு ஏக்கர் ஐந்து குண்டா என்று படிப்பார்! மூன்றே கால் ஏக்கர் நிலம், கூட்டலில் ஒரு முறையும் படிப்பில் ஒரு முறையும் தேய்ந்து, இரண்டு ஏக்கர் சில்லறை ஆகிவிடும்.

நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் மென்பொருள் எழுதும் தொழிலுக்குச் செல்லவிருக்கிறோம். நிலம், கூலி, வட்டி, பங்கு ஆகியவற்றின் கணக்கெல்லாம் நம் கையால் எழுதப்படப் போகின்றன. அவற்றில் எண்ணை எந்த வடிவில் வைப்பது, தசமமாகவா பின்னமாகவா, என்பது முதல் நாளிலேயே எழும் வினா. பாடநூல்கள் இதனை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. பட்டான்செருவையே பாடமாகக் கொண்டு சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் அடிப்படை. ஒரு பின்னத்தின் கீழ் எண்ணை நன்கு சுருக்கிய பிறகு, அதில் 2, 5 என்னும் இரு பகா எண்கள் மட்டும் இருந்தால், அப்பின்னம் தசமத்தில் முடிவுறும். 3 அல்லது 7 புகுந்துவிட்டால் முடிவே இல்லை. 1/40 என்பது 0.025 என்று மூன்று இடத்தில் முடிகிறது, 1/3 முடிவதில்லை. கணிப்பொறி தன் இயல்பில் பயன்படுத்துவது தசமமும் அன்று, இரும எண். அதில் 2 மட்டுமே உண்டு, 5 இல்லை. ஆதலால் பத்தில் ஒன்று என்னும் எளிய எண்ணைக்கூட அதனால் சரியாக எழுத இயலாது. பெரும்பாலான மொழிகளில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டிப் பார்த்தால் 0.30000000000000004 என வரும். 0.1 ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வரும். 1985 இல் வகுத்த மிதவைப் புள்ளி எண்ணுக்கான உலகத் தரத்தின்படி பொறி ஒழுங்காக வேலை செய்தே இவ்விடையைத் தருகிறது. பழுது பொறியில் இல்லை; அந்த வேலைக்கு அந்த எண்ணை எடுத்தவரிடம் உள்ளது.

பதின்மக் கணக்கு நமக்கு நெடுநாளைய சொத்து என்று நினைக்கிறோம். பணத்தைப் பொறுத்தவரை அது 1957 ஏப்ரல் முதல் நாள் வந்ததுதான். அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. மொத்தம் 192 பை. 192 இல் 3 அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு ரூபாயை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 5 அணா 4 பை, மீதி இல்லை. புதிய முறையில் ரூபாய்க்கு 100 நயாபைசா. மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 33, ஒன்று மிஞ்சும். கணக்கு எழுதுவது எளிதாயிற்று. மூவர் பங்கு கடினமாயிற்று. தசமத்தைப் புகழ்வோர் இதனைச் சொல்வதில்லை.

மாறுகாலத்தில் அணாவை நயாபைசாவாக்க ஓர் அட்டவணை தந்தார்கள். ஓர் அணா சரியாக 6¼ நயாபைசா. கால் நயாபைசா நாணயம் இல்லாததால் 6 என்று வைத்தார்கள். இரண்டு அணா 12½. அது 12 ஆயிற்று. மூன்று அணா 18¾, அது 19. நான்கு அணா 25, இங்கு இழுபறி இல்லை. அரை நயாபைசா வந்தால் விட்டுவிடுக, அரைக்கு மேல் போனால் ஒன்றாகக் கொள்க என்பது விதி. அதன்படி ஆறு அணா 37½ இலிருந்து 37 ஆயிற்று. பதினாறு முறை ஓர் அணாவைத் தனித்தனியே கொடுத்தவர் 96 நயாபைசா கொடுத்தார்; சேர்த்துக் கொடுத்தவர் 100 கொடுத்தார். எந்த இடத்தில் முழுமைப்படுத்துகிறோம் என்பதே விடையை மாற்றுகிறது. கணிப்பொறியில் இன்று நாம் காணும் வழக்கெல்லாம் அன்று பெட்டிக்கடையில் நடந்துவிட்டது!

இவ்வூருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பட்டான்செரு அன்று ஐதராபாத்து அரசைச் சேர்ந்தது. அவ்வரசுக்குத் தனி ரூபாய் இருந்தது. சிக்கா ரூபாய் என்பர். 1950 இல் இந்திய ரூபாய் இங்கு வந்தபோது, 7 சிக்கா ரூபாய்க்கு 6 இந்திய ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். சிக்கா முற்றும் செல்லாததானது 1959 இல். ஆக, 1957 முதல் ஈராண்டு அணா, நயாபைசா, சிக்கா ஆகிய மூன்று கணக்குகளும் இங்கு ஒருங்கே மனத்தில் இருந்திருக்க வேண்டும். ஒரு சிக்கா ரூபாய் 6/7 இந்திய ரூபாய். தசமத்தில் எழுதினால் 0.857142857142… என்று அவ்வாறு இலக்கமும் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும். அணாவில் எழுதினால் 13 அணா 8 பை, அதற்கு மேல் ஏழில் நான்கு பை. எதிலும் முடிவதில்லை. 0.86 என்று வைத்துக்கொண்டு 700 சிக்காவை மாற்றினால் 602 வரும். இரண்டு ரூபாய் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. 6 ஆல் பெருக்கி 7 ஆல் வகுத்தால் 600. அவ்வளவுதான். விகிதமாகப் பிறந்த எண்ணை விகிதமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியாயின் எங்கும் பின்னத்தையே கொள்ளலாமே, அதுதான் பிழையற்றதாயிற்றே என்று ஓர் ஐயம் எழலாம். நானும் என் வகுப்புத் தோழரும் இதைப் பற்றி விடுதியில் பலநாள் வாதிட்டிருக்கிறோம். அவர் பின்னக் கட்சி. என் விடை இதுதான்: பணக் கணக்கில் பின்னம் துல்லியமான விடையைத் தரும், ஆனால் சரியான விடையைத் தாராது.

இது புதிர் போலத் தோன்றும், விளக்குகிறேன். வங்கியில் ஆண்டுக்கு 8 விழுக்காடு, மாதந்தோறும் கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் தொகை 151/150 மடங்காகும். பத்தாண்டில் 120 மாதம். பின்னமாகவே வைத்தால் கீழ் எண் 150 இன் 120 ஆம் அடுக்கு. அதனை எழுத 262 இலக்கம் வேண்டும். அது போகட்டும், பொறிக்கு நினைவிடம் உண்டு. ஆனால் வங்கி மாதந்தோறும் பைசாவுக்கு முழுமைப்படுத்திக் கணக்கில் ஏற்றுகிறது என்றால், வாடிக்கையாளரின் பணம் அந்த முழுமைப்படுத்திய தொகையே ஆகும். 262 இலக்கப் பின்னம் அன்று. நம் பின்னம் வங்கிக் கணக்கோடு பத்தாம் ஆண்டில் சில பைசா மாறி நிற்கும். தணிக்கையாளர் நம்மையே கேட்பார். வரியும் அத்தகையதே. 2017 ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு, தொகையை முழு ரூபாய்க்குக் கொணர்க, 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கொள்க என்கிறது. 1957 இல் பாதி கீழே போயிற்று. 2017 இல் பாதி மேலே போகிறது. இரண்டும் விதியே. எந்த விதி என்று நிரலில் சொல்லி வைக்க வேண்டும். பைத்தானின் தசமத் தொகுதியிலும், சாவாவின் பெருந்தசம எண்ணிலும் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். 1959 இல் வடிவம் பெறத் தொடங்கிய கோபால் மொழி வணிகத்தில் இத்துணை நாள் நிலைத்ததற்குத் தசமக் கணக்கு அதில் இயல்பாக அமைந்ததும் ஒரு காரணம் என்பேன்.

தசமத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்குக் கனடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தை நல்ல பாடம். 1982 சனவரியில் அச்சந்தையின் குறியெண்ணை 1000 என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் குறியெண்ணைத் திருத்தி, மூன்று தசம இடத்துக்குப் பின் வருவதை வெட்டி எறிந்தார்கள். முழுமைப்படுத்தவில்லை, வெட்டினார்கள், அதனால் பிழை எப்போதும் கீழ்நோக்கியே போயிற்று. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான திருத்தம். 1983 நவம்பரில் குறியெண் 524.811 இல் நின்றது. உண்மையில் இருக்க வேண்டியது 1098.892. சந்தை ஏறிக்கொண்டிருந்தது, எண் பாதியாக இறங்கிக்கொண்டிருந்தது! ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான துணுக்குகள் செய்த வேலை அது.

இனிப் பங்கீட்டுக்கு வருவோம். என்னுடன் பயிலும் தெலுங்கு நண்பர் ஒருவரின் வீட்டில் அண்மையில் பாகப் பிரிவினை நடந்தது. தாத்தா விட்டுச் சென்ற நிலம் 2 ஏக்கர் 20 குண்டா. பங்குடையோர் அக்காள், அண்ணன், தம்பி என மூவர். 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மகளுக்கும் சம பங்கு என்பதை அறிவீர்கள். யாரோ ஒருவர் விரிதாளில் 2.50 ஐ மூன்றால் வகுத்து, இரண்டு இடத்துக்குச் சுருக்கி, ஆளுக்கு 0.83 ஏக்கர் என்று அச்சடித்துக் கொண்டுவந்தார். மூன்றையும் கூட்டினால் 2.49. அந்த அக்காள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவராம். தாளைப் பார்த்ததும், "மிச்சம் யாருக்கு?" என்று கேட்டாராம். எஞ்சிய 0.01 ஏக்கர் 48.4 சதுர கெஜம். ஒரு சிறு வீடு கட்டும் இடம் அது. தாளில் அது யார் பெயரிலும் இல்லை.

நண்பர் கேட்டதற்கிணங்க இக்கணக்கைப் பின்னத்தில் செய்யும் சிறு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நிலம் 100 குண்டா. குண்டாவுக்கு 121 சதுர கெஜம். மொத்தம் 12,100, ஆளுக்கு 4,033⅓. இதுவரை ஒன்றும் விடுபடவில்லை. அளவுக் கல் நடும்போதுதான் முழுமைப்படுத்த வேண்டும். 4,033, 4,033, 4,034 என்று இட்டு, அந்த ஒரு கெஜம் யாருக்கு என்பதை நிரல் தானாக முடிவு செய்யாமல் கேட்கும்படி வைத்தேன். அவர்கள் பேசி அக்காளுக்கு என்றார்கள். மிச்சத்தை மறைப்பது நிரலின் வேலை அன்று. அதை எடுத்துக் காட்டுவதே வேலை.

தலைமுறை கடந்தால் இது இன்னும் கூர்மையாகும். மூவரில் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், அவருள் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள் என்க. கடைசிப் பேரனின் பங்கு 1/3 இல் 1/4 இல் 1/5, அஃதாவது 1/60. இரண்டு தசம இடத்தில் படிதோறும் சுருக்கி வந்தால் 0.33, பிறகு 0.08, பிறகு 0.02. அது 1/50 ஆகிவிட்டது. அறுபது பேர் இவ்வாறு பெற்றால் மொத்தம் 1.20, இல்லாத நிலத்தைப் பகிர்ந்து கொடுத்திருப்போம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிசுமி தம் இயற்கணித நூலின் பெரும் பகுதியை வாரிசுப் பங்கீட்டுக் கணக்குக்கே ஒதுக்கினார். அவர் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் வந்தது. நம் தொழிலின் பெயரிலேயே பாகப் பிரிவினை ஒளிந்திருக்கிறது எனலாம்.

ஆனால் குண்டாக் கணக்கு எல்லாவற்றுக்கும் பின்னம் வேண்டுவதில்லை. தெலங்கானா அரசு உழவர்க்கு ஏக்கர்க் கணக்கில் பணம் தரும் திட்டத்தை 2018 இல் தொடங்கியது. பருவத்துக்கு ஏக்கருக்கு முதலில் 4,000 ரூபாய், பின்னர் 5,000, 2025 சனவரியில் வேறு பெயருடன் 6,000. இவற்றை 40 ஆல் வகுத்துப் பாருங்கள். குண்டாவுக்கு 100, 125, 150 ரூபாய். மூன்றும் முழு எண்! நிலத்தைக் குண்டாவில் முழு எண்ணாக வைத்துப் பெருக்கினால் தசமமும் வேண்டா, பின்னமும் வேண்டா. இதையே ஏக்கரில் இரண்டு தசம இடத்தோடு வைத்தால், ஒரு குண்டா 0.025 என்பது 0.02 அல்லது 0.03 ஆகி, உழவருக்கு வர வேண்டிய 150 ரூபாய் 120 ஆகவோ 180 ஆகவோ மாறும். சிறிய அலகைத் தேர்ந்து முழு எண்ணில் கணக்கிடும் வழி அமையும்போது அதை விட்டுவிடக் கூடாது.

நம் முன்னோர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குப் பெயரிட்டு வாய்பாடு செய்தார்கள். ஆதலின் தமிழர் கணக்கு பின்னக் கணக்கு என்று மேடையில் பெருமை பேசுவது உண்டு. அது பாதி உண்மை. முந்திரி 1/320. 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்தது. மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80 எல்லாம் அவ்வினமே. எனவே அவை அனைத்தும் தசமத்தில் முடிவுறும். மூன்றில் ஒன்றை அவற்றைக் கூட்டி எழுத முடியாது. வரம்பு கட்டிய, சிறிய அலகில் எண்ணும் முறை அது. இதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. சந்தைக்கும் களத்துக்கும் போதுமான அலகைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

பின்னத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் பொதுக் காரணி கண்டு சுருக்க வேண்டும். எண்களும் பெருத்துக்கொண்டே போகும். 1, 1/2, 1/3 என்று 1/10 வரை கூட்டினால் 7381/2520. 1/20 வரை போனால் கீழ் எண் 1,55,19,504. 1/100 வரை போனால் கீழ் எண்ணுக்கு 40 இலக்கம். இரண்டின் வர்க்க மூலத்துக்குப் போதாயனரின் சுல்ப சூத்திரம் தரும் மதிப்பு 577/408. அதனை ஒரு படி திருத்தினால் 665857/470832. படிதோறும் இலக்கம் இரட்டிக்கிறது. நெதர்லாந்தில் உருவாக்கிய ஏபிசி என்னும் மொழியில் எண்கள் இயல்பாகவே பின்னமாக இருந்தன. எழுதியவர் அறியாமலேயே நிரல்கள் மெல்ல மெல்ல மந்தமாயின. அம்மொழியில் உழைத்த குய்தோ வான் ரோசம் பின்னர்ப் பைத்தானைப் படைத்தபோது அவ்வழியை விட்டுவிட்டார். பின்னம் பைத்தானில் உண்டு. வேண்டுவோர் கேட்டுப் பெற வேண்டும்.

அளந்தறியும் எண்கள் வேறு இனம். பட்டான்செருவில் 1972 இல் நிறுவிய பன்னாட்டுப் புன்செய்ப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டில் சோளமும் கம்பும் கடலையும் பாத்தி பாத்தியாய் விளைகின்றன. ஒரு பாத்தியின் விளைச்சலை நிறுத்தால், தராசின் பிழையும் தானியத்தின் ஈரமும் அதில் உண்டு. மூன்றாவது இலக்கமே ஐயத்துக்குரியது. அங்கே பதினாறாம் இலக்கத்துப் பிழையைப் பற்றிக் கவலுதல் வீண். பொறியின் இயல்பான இரும எண்ணே அங்குத் தக்கது, விரைவும் மிகுதி.

நிரல் எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு. பைத்தானில் பின்னம் வேண்டி 0.1 என்னும் மிதவை எண்ணை அதனுள் இட்டால் 1/10 வராது, 3602879701896397/36028797018963968 வரும். புகுமுன்னரே எண் கெட்டுவிட்டது. 1, 10 என்று இரண்டு முழு எண்ணாகவோ மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவோ கொடுக்க வேண்டும். தரவுத்தளத்தில் சேமிக்கும்போது மேல் எண்ணுக்கு ஒரு பத்தி, கீழ் எண்ணுக்கு ஒரு பத்தி வைக்கலாம். ஏக்கர், குண்டா ஆகியவற்றையும் அவ்வாறே இரு பத்தியாக வைத்துவிட்டால் தொடக்கத்தில் கண்ட புள்ளித் தொல்லை தீரும்.

செய்து பார்க்க ஒரு கணக்கு: 3 ஏக்கர் 10 குண்டா நிலத்தை எழுவர்க்குச் சமமாகப் பகிர்க. முதலில் ஏக்கரில் இரண்டு தசம இடத்துக்கு முழுமைப்படுத்திச் செய்க. பிறகு பின்னத்தில் செய்க. முதல் முறையில் யார் பெயரிலும் எழுதப்படாமல் விடுபட்ட நிலம் எவ்வளவு என்பதைச் சதுர கெஜத்தில் காண்க. 145 ஐ ஒட்டி வந்தால் சரி.